களைச்செடியில் பிறந்த யானைக் கூட்டம்

காட்டு விலங்குகளோடு ஒரே மண்ணில் வாழ்கிறவர்கள் கலைஞர்களானால் அந்த மண்ணுக்கு என்ன கிடைக்கும்? கூடலூரும் ஆப்பிரிக்கத் தோட்டங்களும் சொல்லும் பதிலும், கெடா கேட்க வேண்டிய கேள்வியும்

பெரிய பீப்பாயில் தண்ணீர் கொதிக்கிறது. அதற்குள் கட்டுக்கட்டாக உண்ணிச்செடிக் குச்சிகள். வெந்ததும் ஒருவர் அள்ளி வெளியே போடுகிறார். சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் தோலை உரிக்கிறார். ஈரம் இருக்கும்போதே குச்சியை இரும்புக் கம்பிக் கூட்டின்மேல் படுக்கவைத்து, வளைத்து, ஆணி அடித்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் வளையாது, முறிந்துவிடும். கூட்டின் உச்சியில் கால் பரப்பி உட்கார்ந்திருப்பவர் யானையின் நெற்றியைக் கட்டுகிறார். ஆசிய யானைக்கு நெற்றியில் இரண்டு மேடுகள் உண்டு, நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் சரியாக விழவில்லை என்று தோன்றினால் அடித்த ஆணியைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் தொடங்குகிறார்கள். பார்த்துச் செய்ய அவர்களுக்குப் புகைப்படம் உண்டு. ஆனால் எந்த இடத்தில் தப்பு என்று கண்டுபிடிப்பது புகைப்படத்தால் அல்ல. அதே யானை நேற்று இரவு அவர்கள் வீட்டுப் பலாமரத்தடியில் நின்றிருக்கலாம்.

இடம், நீலகிரி மாவட்டம் கூடலூர் அருகே, முதுமலைக் காட்டை ஒட்டிய தொரப்பள்ளி. செய்கிறவர்கள் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடிகளைச் சேர்ந்த சுமார் 200 பேர். இவர்கள் உருவாக்கிய முழு அளவு யானைகள் 2021இல் கப்பலேறி லண்டனின் கிரீன் பார்க்கிலும் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கிலும் நின்றன. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் நூறு யானைகள் இறங்கின; நியூயார்க், மயாமி கடற்கரை, ஹூஸ்டன், மொன்டானாவின் பிளாக்ஃபீட் பழங்குடி நிலம் என்று அந்த நாட்டைக் குறுக்காகக் கடந்து, 2025 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தன.

கெடா வாசகருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2025 மே 11, அன்னையர் தினத்தன்று அதிகாலையில் கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் கோழி ஏற்றி வந்த லாரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. தாய் யானை லாரியை நெற்றியால் முட்டிக்கொண்டு, அடியில் கிடந்த குட்டியை விட்டு நகராமல் நின்ற காணொளி மலேசியா முழுக்கப் பரவியது. பாலிங்கிலிருந்து கிரிக் தாண்டி ஜெலிக்குப் போகிற எவருக்கும் பழக்கமான காட்டுப் பாதை அது. தோட்டத்தில் பிறந்து இன்று தாமானில் வாழும் பல குடும்பங்கள் அந்தக் காணொளிக்குப் பிறகு பழைய கதைகளைப் பேசத் தொடங்கின: விடியுமுன் பால்மரம் சீவப் போனபோது எதிரே நின்றது, வாழைக் கொல்லையை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போனது, பிரட்டுக் களத்தில் காலையில் கிடந்த சாணம். கதைகள் நம்மிடமும் இருக்கின்றன. அவற்றைக் கையால் செய்து உலகத்தின் முன் நிறுத்தியவர்கள் கூடலூர்க்காரர்கள்.

பெயர் தெரிந்த யானைகள்

கூடலூர், பந்தலூர் வட்டாரம் தேயிலையும் காடும் ஊரும் ஒன்றோடொன்று கலந்த நிலம். சுமார் இரண்டரை லட்சம் மக்களும் நூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி (1964) இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களுக்காக அரசு அமைத்த டான்டீ தேயிலைத் தோட்டங்களும் இங்கே உண்டு. லயத்துக்குப் பின்னால் காடு, காட்டுக்குள் யானை என்ற வாழ்க்கை அவர்களுக்குத் தினசரி.

விலங்கியலையும் மனித வாழ்வையும் சேர்த்து ஆராயும் தர்ஷ் தெக்கேக்கராவும் அவருடைய ஷோலா டிரஸ்ட் நண்பர்களும் இந்த யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு குறித்துவந்தார்கள். காதுக் கிழிசல், தந்தத்தின் வளைவு, வாலின் முடி ஆகியவை ஒவ்வொன்றுக்கும் வேறு. அந்த அறிவிலிருந்துதான் சிற்பத் திட்டம் பிறந்தது. வடிவமைப்பாளர் சுப்ரா நாயர், சுபாஷ் கௌதம், லண்டனிலிருந்து ரூத் கணேஷ் ஆகியோர் சேர, ‘ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ்’ உருவானது. லண்டன் கண்காட்சிக்குப் பின்னணியில் இருந்தது மார்க் ஷாண்ட் தொடங்கிய ‘எலிஃபன்ட் ஃபேமிலி’ அறக்கட்டளை. ஒவ்வொரு சிற்பமும் கூடலூரில் நடமாடும் ஒரு குறிப்பிட்ட யானையைப் பார்த்துச் செய்யப்பட்டது.

இதற்கும் ஒரு முன்கதை உண்டு. அதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது. தர்ஷின் பெற்றோர் ஸ்டான், மாரி தெக்கேக்கரா ஆகியோர் 1986இல் கூடலூரில் ‘அக்கார்டு’ அமைப்பைத் தொடங்கினார்கள். 1988 டிசம்பரில் பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் திரண்டு நில உரிமைக்காக ஊர்வலம் போனார்கள். சங்கம் இருந்தது, கூட்டம் போட்டுப் பேசும் பழக்கம் இருந்தது, சொந்தப் பள்ளியும் மருத்துவமனையும் வந்தன. அதன்பிறகு பல ஆண்டுகள் கழித்துத்தான் யானை வந்தது. நியூயார்க் தெருவில் நின்ற யானையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த முப்பதாண்டு உழைப்பு கண்ணில் படாது.

பெட்டிச் செய்தி: உண்ணிச்செடி

• மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த லன்டானா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அழகுச் செடியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

• 2020இல் வெளிவந்த ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர் காட்டில் பரவியிருக்கிறது. புலி வாழும் நிலத்தில் 40 சதவீதத்துக்கு மேல்.

• இது அடர்ந்த இடத்தில் புல் வளராது. மானுக்கும் யானைக்கும் தீனி குறைகிறது.

• கெடாவின் சாலையோரங்களில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து நிற்பதும் இதே செடிதான். மலாய்க்காரர்கள் ‘பூஙா தாஹி ஆயாம்’ என்பார்கள்.

கூலியாள் கலைஞரானபோது

சிற்பம் எத்தனை அழகு என்பதைவிட, அதைச் செய்கிற கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதே இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

கூடலூர்ப் பழங்குடிகளில் பலருக்கு வருமானம் என்பது தோட்டங்களில் தினக்கூலி. மழைக்காலத்தில் அதுவும் குறையும். சிற்பப் பட்டறை வந்தபின் ஆண்டு முழுக்கச் செய்யத்தக்க ஒரு வேலை ஊருக்குள்ளேயே கிடைத்தது. செடி வெட்டிவர ஒரு குழு, வேகவைத்து உரிக்க ஒரு குழு, கம்பிக் கூடு வெல்டிங் செய்ய ஒரு குழு, வளைத்து உருவம் கொடுக்க ஒரு குழு என்று வேலை பிரிந்தது. பெண்களும் இதில் சேர்ந்தார்கள். யாரும் ஓவியப் பள்ளியில் படித்தவர்கள் அல்லர். யானை எப்படித் திரும்பும், சந்தேகப்பட்டால் காதை எப்படி விரிக்கும், குட்டி தாயின் எந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பது சிறுவயது முதலே அவர்கள் கண்ணில் இருந்தது. அதற்கு முன்பு யாரும் விலை கொடுக்காத அறிவு அது.

இரண்டாவது விளைவு காட்டுக்கு. ஒரு பெரிய யானைக்குக் குவியல் குவியலாகக் குச்சி வேண்டும். அவ்வளவும் காட்டை அடைத்துக்கொண்டிருந்த களை. மூலப்பொருளுக்கு ஒரு மரத்தையும் வெட்டவேண்டியதில்லை. ஆனால் இதைப் பெரிதுபடுத்தவும் கூடாது. ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டரில் பரவிய செடியை நூறு சிற்பங்களால் ஒழிக்க முடியாது. வெட்டிய இடத்திலேயே வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும் செடி அது. சிற்பம் செய்திருப்பது வேறொன்று: களையெடுப்பு என்ற செலவை வருமானமாக மாற்றிப் பார்க்கும் வழியைக் காட்டியிருக்கிறது.

மூன்றாவது விளைவுதான் கடினமானது. யானையைக் கலையாக்கியதால் யானை–மனித மோதல் நின்றுவிட்டதா? இல்லை. 2025 செப்டம்பரில் கூடலூரின் ஓவேலிப் பகுதியில், தொடர்ந்து உயிர்ப்பலிகள் நேர்ந்ததால், ‘ராதாகிருஷ்ணன்’ என்று அழைக்கப்பட்ட கொம்பன் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. கும்கி யானைகள் சூழ்ந்து நின்றன. பெயர் வைத்து அறிந்த யானையையே பிடித்துக் கொண்டுபோகச் சொல்லும் நிலைமை அந்த மக்களுக்கு வந்தது. வீட்டில் ஒருவரை யானையிடம் இழந்தவருக்கு நியூயார்க் கண்காட்சி எந்த ஆறுதலும் தராது. அதை மறைத்துவிட்டு எழுதப்படும் யானைக் கதை எதுவும் நேர்மையானதல்ல.

ஆயினும் ஒரு மாற்றம் நிச்சயம் நடந்திருக்கிறது. காட்டோரத்து மக்களைப் பற்றி நகரத்தில் வழக்கமாகக் காதில் விழுவது இரண்டே வகை: ‘பாவம், யானையிடம் மாட்டிக்கொண்டவர்கள்’, அல்லது ‘காட்டை ஆக்கிரமித்தவர்கள்’. லண்டனிலும் அமெரிக்காவிலும் அவர்கள் அறிமுகமானது மூன்றாவது வகையில், ஒரு பெரிய விலங்கோடு இடத்தைப் பகிர்ந்து வாழத் தெரிந்தவர்களாக, அந்த அறிவின் சொந்தக்காரர்களாக. கண்காட்சியில் விற்ற யானைகளின் பணம் விலங்கு–மனித இணக்க வேலைகளுக்குப் போகிறது.

ஆப்பிரிக்கத் தோட்டங்களில் நடந்தது

ஆப்பிரிக்க விலங்கு ஓவியம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டேவிட் ஷெப்பர்ட். காட்டு விலங்குக் காவலராகும் ஆசையில் 1949இல் கென்யா போய், வேலை கிடைக்காமல் திரும்பிய ஆங்கிலேயர். பிறகு யானை ஓவியங்களால் உலகப் புகழ் பெற்றார். 1960இல் தான்சானியாவில் நஞ்சு கலந்த நீர்க்குட்டையைச் சுற்றி 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்ததைக் கண்டது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அதற்குப்பின் தன் ஓவியங்களை விலங்குப் பாதுகாப்புக்காக விற்றார். பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அவர் வந்து பார்த்தவர்.

தோட்டத் தமிழருக்கு நெருக்கமானவர் எட்வர்டு சைதி டிங்காடிங்கா. தெற்குத் தான்சானியாவில் 1932இல் பிறந்தவர். பிழைப்புக்காக டாங்கா வட்டாரத்துக் கற்றாழை நார்த் தோட்டங்களில் கூலி வேலை செய்தார். பிறகு தார் எஸ் சலாம் நகருக்கு வந்து கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். 1968 வாக்கில் கட்டட வேலைக்குப் பயன்படும் ஹார்டுபோர்டு சதுரங்களில், சைக்கிளுக்குப் பூசும் பளபளப்பு எனாமல் பெயின்ட்டால் சிறுத்தை, யானை, பறவை வரையத் தொடங்கினார். கையில் காசு இல்லாததால் எடுத்த பொருள்தான், ஆனால் அந்தப் பளபளப்பே ஒரு தனிப் பாணியாகிவிட்டது. 1972இல் திருடர் என்று தவறாக நினைத்துப் போலீஸ் சுட்டதில் நாற்பது வயதில் இறந்தார். வரைந்தது நான்கே ஆண்டு. ஆனால் அவர் உறவினர்களும் சீடர்களும் தொடர்ந்தார்கள். 1990இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இன்று கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சுற்றுலா போகிறவர் வாங்கிவரும் விலங்கு ஓவியங்களில் பெரும்பகுதி அந்தக் கூலித் தொழிலாளியின் வழியில் வந்தது.

ஜிம்பாப்வேயில் நடந்தது இன்னும் வியப்பு. 1965இல் அப்போதைய ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்தது. உலக நாடுகள் தடை விதித்தன. புகையிலை விலை போகவில்லை. டெங்கெனெங்கே என்ற புகையிலைத் தோட்டத்தின் முதலாளி டாம் புளோம்ஃபீல்டு, 1966இல் தன் தொழிலாளர்களைத் தோட்டத்து நிலத்தில் கிடைத்த கருங்கல் போன்ற செர்ப்பன்டைன் கல்லைச் செதுக்கச் சொன்னார். அவர்களில் பலர் மலாவி, மொசாம்பிக், அங்கோலா, ஜாம்பியா ஆகிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த பெர்னார்டு மாட்டெமேரா பாதி மனிதன் பாதி விலங்கான பெரிய உருவங்களைச் செதுக்கி உலக அளவில் பெயர் பெற்றார். புலம்பெயர்ந்து வந்த கூலித் தொழிலாளரின் கையில், அவர்கள் ஊர்க் கதைகளில் வந்த விலங்குகள் கல்லாக எழுந்தன.

தோட்டம் கைவிட்ட நேரத்தில் கலை கைகொடுத்த கதை இது. கெடாவில் தோட்டங்கள் கைவிட்டபோது நமக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

பால்மரக் காட்டின் நினைவு

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் சுற்றுவட்டாரத் தோட்ட மக்கள் சுங்கைப் பட்டாணித் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறினார்கள். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா அவர்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தது. வாழ்க்கை மேம்பட்டது, யாரும் மறுபடி மங்கு கழுவப் போக விரும்பவில்லை. அது சரிதான். ஆனால் லயத்தோடு சேர்ந்து போனது ஒரு தனி அறிவு. பன்றித் தடத்தையும் முள்ளம்பன்றித் தடத்தையும் இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் பிரித்துச் சொன்னவர்கள், மரநாயின் வாடையை அறிந்தவர்கள், முனியாண்டி சாமிக்குப் பக்கத்தில் தங்கள் கையாலேயே குதிரையும் நாயும் செய்து சுண்ணாம்பு அடித்து நிறுத்தியவர்கள் அவர்கள். அந்தச் சிலைகளை யாரும் கலை என்று அழைத்ததில்லை. கோயில் இடம் மாறியபோது பழைய சுதை உருவங்கள் உடைபட்டன. புதியவற்றைச் செய்யத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்தார்கள்.

எழுத்தில் நாம் ஏழையல்ல. சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், கே. பாலமுருகன், லூனாஸில் பிறந்த ம. நவீன் என்று கெடா மண் தந்த எழுத்தாளர்கள் தோட்டத்தையும் அதன் பாம்பையும் பன்றியையும் சாமியையும் நாவலிலும் சிறுகதையிலும் வைத்துவிட்டார்கள். கண்ணால் பார்க்கும் கலையில் அந்த அளவுக்கு எதுவும் வரவில்லை. இந்தக் குறை பேசப்படாமலே இருக்கிறது.

சிலாங்கூரின் கேரித் தீவைப் பார்க்கலாம். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மா மெரி பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். நீரி மரத்தில் அவர்கள் செதுக்கும் மூதாதை உருவங்களில் சங்கிலி பூண்ட புலி புகழ்பெற்றது. மலேசியாவில் காட்டுப் புலிகள் 150க்கும் குறைவு என்று 2016–2020 தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. புலி குறைந்தபின்னும் அந்த மக்கள் கையில் அதன் உருவம் இருக்கிறது.

கெடாவில் பாலிங் அருகே லூபோக் லெகோங்கில் கென்சியு மக்கள் இருக்கிறார்கள். மாநிலத்தின் ஒரே பூர்வகுடிக் குடியிருப்பு அது. கூடலூரின் காட்டுநாயக்கரைப் போலவே காட்டைத் தங்கள் வீடாகக் கொண்டிருந்தவர்கள். தோட்டத் தமிழரும் கென்சியு மக்களும் மலாய்க் கம்பத்தாரும் ஒரே யானைக் கூட்டத்தை மூன்று விதமாக அறிந்திருக்கிறார்கள். இந்த மூன்று அறிவும் ஒரு பட்டறையில் சந்தித்தால் பிறக்கும் யானை கூடலூர் யானையின் நகலாக இருக்காது.

பெட்டிச் செய்தி: கடாரத்து யானை

• ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, கடாரத்து (இன்றைய கெடா) அரசனை அவனுடைய யானைகளோடு பிடித்ததாகக் கூறுகிறது.

• 17ஆம் நூற்றாண்டில் கெடாவின் காட்டு யானைகள் கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்குப் போயின. அந்தக் கடல் வணிகத்தில் தமிழ் முஸ்லிம் வணிகரான சூலியாக்களுக்குப் பெரும் பங்கு இருந்தது.

• இன்று தீபகற்ப மலேசியாவில் காட்டு யானைகள் சுமார் 1,200 முதல் 1,700 வரை என்பது மதிப்பீடு.

• கெடாவில் அவற்றின் பெரிய புகலிடம் உலு மூடா காடு. மூடா, பெடு, அஹ்னிங் அணைகளுக்கு நீர் தருவதும் இதுவே. கெடா, பெர்லிஸ், பினாங்கு மக்களின் குடிநீரும் நெல்வயலும் இதை நம்பியிருக்கின்றன.

என்ன இருக்கிறது, என்ன இல்லை

சிக், பாலிங், பாடாங் தெராப் வட்டாரங்களில் யானை தோட்டத்துக்குள் வருவது இன்றும் நடக்கிறது. இளம் பால்மரம், வாழை, செம்பனைக் குருத்து என்று சிறுதோட்டக்காரரின் பல ஆண்டு உழைப்பு ஓரிரவில் போகும். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் மின்வேலி போடுகிறது. 1974 முதல் யானைகளைப் பிடித்து வேறு காட்டுக்கு மாற்றியும் வந்திருக்கிறது. அதற்காகவே 1989இல் பஹாங்கின் கோலா கண்டாவில் மையம் அமைந்தது. வேலியும் இடமாற்றமும் தேவைப்படும் இடங்கள் உண்டு. ஆனால் இழப்பைச் சந்திக்கும் சிறுதோட்டக்காரருக்கு யானையால் ஒரு வெள்ளியாவது வருமானம் வருகிற ஏற்பாடு இங்கே காணோம்.

பொருளுக்குக் குறைவில்லை. சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டப்படும் பால்மரக் கட்டை மேசை நாற்காலித் தொழிற்சாலைகளுக்குப் போகிறது, செம்பனை மட்டைகள் தோட்டத்திலேயே மக்குகின்றன, உண்ணிச்செடியும் இருக்கிறது. சந்தையும் தொலைவில் இல்லை. ஜார்ஜ் டவுனில் 2012இல் எர்னெஸ்ட் ஸாக்கரேவிச் வரைந்த சுவரோவியங்களைப் பார்க்க இன்றுவரை வரிசை நிற்கிறது. சுங்கைப் பட்டாணியிலிருந்து அது ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. லங்காவியோ கெடாவின் சொந்தத் தீவு, ஆண்டு முழுக்கச் சுற்றுலாப் பயணிகள் இறங்கும் இடம்.

இல்லாதது கூடலூருக்கு முதலிலேயே கிடைத்த இரண்டு. ஒன்று, மக்களை ஒன்றாக உட்கார வைக்கும் அமைப்பு. கெடாவில் ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அந்த இடத்தை நிரப்ப முடியும். தோட்டம் கலைந்த பிறகும் கலையாமல் இருப்பவை அவைதான். இன்னொன்று, விலங்கைப் பற்றிய பதிவு. பாலிங்கிலும் சிக்கிலும் எழுபதைத் தாண்டிய பால்மரத் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஆற்றுத்துறையில் கூட்டம் இறங்கும், டுரியான் உதிரும் மாதத்தில் எந்தப் பக்கம் வரும், தனியாகத் திரிந்த கொம்பனுக்குத் தோட்டத்தார் என்ன பெயர் வைத்தார்கள் என்று அவர்களால் சொல்ல முடியும். பள்ளி விடுமுறையில் நோட்டுப் புத்தகமும் கைப்பேசியுமாக அவர்கள் வீட்டுக்குப் போகப் பத்து மாணவர்கள் கிடைத்தால் போதும், தொடங்கிவிடலாம். கூடலூரிலும் வேலை கம்பியை வளைத்துத் தொடங்கவில்லை. காது கிழிந்த யானை எது, வால் முடி இல்லாதது எது என்று எழுதிவைத்த குறிப்பேட்டில்தான் தொடங்கியது.